எட்டுத் துண்டாக ஒரு ஆஸ்பத்திரி வார்த்தை

வாத்தியாரம்மாவுக்கு,

மலையிலிருந்து உன் அப்பா எழுதுகிறேன். போனை எடுத்துப் பேசாமல் இதென்ன கடிதம் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். செவ்வாய்க்கிழமை நீ போன் செய்து, "அப்பா, அவருகிட்ட சொல்லணுமாப்பா?" என்று கேட்டபோது உன் அம்மா என் பக்கத்திலேயே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான், "அப்புறம் பேசுவோம்மா, இங்க டவர் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. சின்ன வயதில் உனக்கு வலிப்பு வந்ததையும், இன்றுவரை நீ மாத்திரை போட்டுக்கொண்டிருப்பதையும் ஆயக்குடி மாப்பிள்ளையிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல்வதா வேண்டாமா என்பது உன் கேள்வி. அதற்குப் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னால் உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடும். தவிர, இந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்தால் எனக்கு முன்னால் என் கோபம் பேசும். எழுதினால் அந்தத் தொந்தரவு இல்லை. கோபம் வரும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பூண்டுக் காட்டைச் சுற்றிவிட்டு வரலாம். இந்த நாலு வரி எழுதுவதற்குள்ளேயே ஒரு தடவை போய் வந்துவிட்டேன்.

உனக்கு முதன்முதலில் வந்தது ஏழாம் வகுப்பில், அரைப்பரீட்சை லீவில். கொடைக்கானலில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வீட்டுக்கு வந்தவள், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தாய், பாதியில் பேச்சு நின்றது. கண் மேலே போனது. கீழே விழுந்து கையும் காலும் வெட்டி இழுத்தது. உன் அம்மா ஓடி வந்து உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே. சாவி உன் உள்ளங்கையைக் கீறியதுதான் மிச்சம். அது தானாக வந்தது, தானாகவே நின்றது. கண் விழித்ததும் நீ கேட்டது, "நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்?" என்று. எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு நான் பயந்த மாதிரி என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பயந்ததில்லை, பின்பும் பயந்ததில்லை.

கொடைக்கானல் டாக்டர் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போய் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதினார். இஇஜி என்று சுருக்கமாக எழுதிவிட்டு, நீ இங்கிலீஷில் படிக்கிற பிள்ளை என்று தெரிந்ததால் அதற்குக் கீழே முழு வார்த்தையையும் எழுதிக் கொடுத்தார். ஒரு வரி முழுக்க ஓடியது. டெஸ்டுக்கு முந்தின இரவு பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது, வழியிலும் கண்ணயரவிடாதீர்கள் என்றும் சொன்னார். வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தோம். மலையிறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து இறங்க, உன் தலை என் தோளில் சரிய, நான் தட்டித் தட்டி எழுப்ப, உனக்கு எரிச்சல். விடுகதை போட்டேன், வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் நீயே அந்தச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாய். நீள வார்த்தை வந்தால் பயப்படாமல் வாயை எத்தனை தடவை திறந்து மூடுகிறோமோ அத்தனையாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு தட்ட வேண்டும் என்று இங்கிலீஷ் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். தட்ட ஆரம்பித்தாய். எ, லெக், ட்ரோ, என், செஃப், அ, லோ, கிராம். எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம். எட்டுத் தட்டு.

முதலில் உனக்கும் ஏழுதான் வந்தது. 'ட்ரோ', 'என்' இரண்டையும் ஒட்டி ஒரே தட்டாகத் தட்டிவிட்டாய், தப்பு என்று நீயே சொல்லித் திரும்ப ஆரம்பித்தாய். பிறகு என்னையும் தட்டச் சொன்னாய். மண்வெட்டி பிடிக்கிற கை, எனக்கு எல்லாத் தட்டும் ஒரே பலத்தில்தான் விழுந்தது. "அப்படி இல்லப்பா, எல்லாத்தையும் ஒண்ணு போல அடிக்கக் கூடாது. இங்கிலீஷ்ல எவ்வளவு நீள வார்த்தையா இருந்தாலும் ஒரு எடத்துலதான் நல்லா அழுத்தணும். மத்ததெல்லாம் லேசா சொல்லிட்டுப் போகணும், ஆனா விட்டுறக் கூடாது, விட்டா வார்த்தையே வேறாயிரும்" என்றாய். எந்த இடத்தில் என்று கேட்டேன். "செஃப்ல" என்றாய். நான் "எலெக்ட்ரோ"வில் அழுத்தினேன், அதுதான் எனக்குத் தெரிந்த துண்டு. நீ தலையில் அடித்துக்கொண்டாய். வத்தலக்குண்டு வரும்போது முன் சீட்டில் இருந்த பூக்காரம்மாவும் சேர்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டார். என்ன வார்த்தை என்று அவருக்கும் தெரியாது, எதற்கு என்று நீயும் சொல்லவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் நான் செய்த கூத்தை நீ இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் அது ஏன் நடந்தது என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. அந்த வருஷம்தான் காட்டுமாடு தொல்லை தாங்காமல் நம் காட்டைச் சுற்றி சோலார் வேலி போட்டிருந்தேன். கம்பியில் மூக்கு பட்டதும் அவ்வளவு பெரிய மாடு நாலு காலையும் தூக்கித் துள்ளி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஈரக்கையோடு நானே தொட்டுவிட்டு, தோள்பட்டைவரை விர்ரென்று ஏறி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஞாபகத்தோடு ஒருத்தன் ஆஸ்பத்திரி அறைக்குள் வருகிறான். மகளைப் படுக்க வைத்து, தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி, சிவப்பும் பச்சையுமாக ஒயர்களை ஒட்டுகிறார்கள். அத்தனை ஒயரும் ஒரு பெட்டிக்குள் போகிறது, பெட்டி சுவரில் இருக்கும் பிளக்கில் மாட்டியிருக்கிறது. வார்த்தையின் முதல் துண்டே எலெக்ட்ரோ. நான் எதையும் யோசிக்கவில்லை. பாய்ந்து போய் உன் தலையில் இருந்த ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டேன். "எம்புள்ளைக்குக் கரண்டு வைக்க நான் கூட்டியாரல" என்று கத்தியது வராண்டாவரை கேட்டிருக்கும்.

ஒயர் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா நல்லவர். "ஐயா, நாங்க கரண்டு குடுக்கல. புள்ள தலையில இருந்து வர்றத எடுக்கறோம்" என்றார். எனக்கு அது ஏறவில்லை. தலையிலிருந்து எப்படிக் கரண்டு வரும்? அப்போது நீ படுத்தபடியே, தூக்கம் சொக்கும் கண்ணோடு சொன்னாய். "அப்பா, கடைசித் துண்ட விட்டுட்டீங்க. கிராம்னா எழுதுனதுப்பா. டெலிகிராம் இருக்குல்ல, தூரத்துல இருந்து வந்த எழுத்து. அது மாதிரி இது தலைக்குள்ள இருந்து வர்ற எழுத்து." வாய்க்காக வெட்டுவது வேறு, பொருளுக்காக வெட்டுவது வேறு என்று டெஸ்ட் முடிந்த பிறகு வராண்டாவில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். வாய்க்கு எட்டுத் துண்டு. பொருளுக்கு மூன்றே துண்டு. முதல் துண்டு மின்சாரம், நடுத்துண்டு மூளை, கடைசித் துண்டு எழுத்து. நடுத்துண்டைப் பிரித்தால் அதற்குள்ளும் இரண்டு இருக்கிறதாம், 'உள்ளே' என்று ஒன்று, 'தலை' என்று ஒன்று. வார்த்தையே கிரேக்க மொழியிலிருந்து வந்ததாம், கிரேக்கர்கள் மூளைக்குப் பெயர் வைக்கத் தெரியாமல் 'தலைக்குள் இருப்பது' என்று வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். அன்றைக்கு அறையில் நான் ஒதுங்கி நின்றதும் அந்த அம்மா முதலிலிருந்து எல்லா ஒயரையும் மறுபடி ஒட்டினார். பெட்டி எழுத ஆரம்பித்தது. மலைத்தொடரைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி மேலும் கீழுமாகக் கோடுகள் ஓடின. நீ தூங்கிவிட்டாய். நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு அழுதேன், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்ததும் உனக்கு வருவது குறைந்தது, ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு வரவே இல்லை. அட்டுவம்பட்டியில் காலேஜ் படித்தாய், கோயம்புத்தூரில் வாத்தியாரம்மா ஆனாய், இப்போது சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து வார்த்தைகளைத் தட்டச் சொல்லிக் கொடுக்கிறாய். உன் தலைக்குள் இருந்ததற்கு ஒரு வழி பிறந்தது. ஊரின் வாய்க்குத்தான் வழி பிறக்கவில்லை. மதுரையிலிருந்து வந்த அன்று உன் அத்தை, "என்னண்ணே பண்ணுனாக?" என்று கேட்டாள். "தலை முழுக்க ஒயரு ஒட்டுனாங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன். நான் விட்ட மீதிப் பாதியை அவளே நிரப்பிக்கொண்டாள். அடுத்த சந்தைக்குள் ஊர் முழுக்க, "புள்ளைக்குத் தலையில கரண்டு வச்சுக் கூட்டியாந்திருக்கான்" என்று பரவிவிட்டது. புத்தி பேதலித்தவர்களுக்குத்தான் கரண்டு வைப்பார்கள் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம் இருக்கிறதே. நான் வீடு வீடாகப் போய், எலெக்ட்ரோவில் அழுத்தாதீர்கள், கடைசித் துண்டையும் சேர்த்துக் கேளுங்கள் என்றா சொல்ல முடியும்? பல வருஷம் கழித்துக் கன்னிவாடியிலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொன்னவர்கள் வராமலே நின்றுபோனது அதனால்தான். உன் அம்மா அன்றிலிருந்து மாறிவிட்டாள். மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்க ஆரம்பித்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் பேசியதெல்லாம் அவள் காதில்தான் விழுந்தது, நான் காட்டுக்குள் இருந்துகொண்டேன்.

ஆனால் மறைத்துக் கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். கீழ்த்தெருவுக்கு மருமகளாக வந்தாளே, கேரட் கழுவும்போதுகூடப் பாடிக்கொண்டே கழுவுவாள், அந்தப் பெண். மாமியார் பார்த்துவிடுவாளோ என்று வலிப்பு மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாளாம். மாமியார் நகரும்போது போடுவது, நகராத நாளில் விட்டுவிடுவது. ஒருநாள் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வலிப்பு வந்து, தொட்டிக்குள் குப்புற விழுந்துவிட்டாள். பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தாள். அந்த வாரமே பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் வைத்து அவள் புருஷன் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "நோவு இருக்குன்னு சொல்லியிருந்தா நான் மாத்திரை வாங்கித் தந்திருப்பேன். என்னைய நம்பலையே." அவன் உண்மையிலேயே வாங்கித் தந்திருப்பானா, இல்லை பேச்சுக்குச் சொன்னானா, யாருக்குத் தெரியும். அவனுக்கு அதைக் காட்டும் சந்தர்ப்பத்தை யாரும் கொடுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாத ஒன்று நேற்று நடந்தது. மாப்பிள்ளை வந்திருந்தார். ஆயக்குடியிலிருந்து ஒரு கூடை கொய்யாவை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் மலையேறி வந்திருக்கிறார், மேலே இருந்த பழமெல்லாம் நசுங்காமல் வந்தது அதனால்தான். சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்காராமல் என்னோடு குத்தவைத்து, பிடுங்கிப் போட்டிருந்த பூண்டில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் விலை நிலவரம் பேசினோம். பிறகு கையை நிறுத்தாமலே கேட்டார். "மாமா, பழனியில பட்டு எடுக்கப் போனோமுல்ல, அன்னைக்கு அவங்க போன்ல அலாரம் அடிச்சுச்சுங்க. வெரசா எந்திருச்சு வெளிய போயி ஒரு மாத்திரை போட்டாங்க. நான் பார்த்தத அவங்களும் பார்த்துட்டாங்க. அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்கச் சரியாவே பேசல. ஒடம்புக்கு ஏதும்ங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உன் அம்மா, "சத்து மாத்திரைங்க மாப்ள. ரத்தம் கம்மியா கெடக்குன்னு டாக்டரு குடுத்தாரு" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் ஆட்டவில்லை. "அத அவகிட்டயே கேட்டுக்கங்க மாப்ள" என்றேன். உள்ளே ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அவர் நாலைந்து பூண்டைத் தட்டிப் போட்டார். பிறகு, "நான் கேக்க மாட்டேனுங்க மாமா. கேட்டா, சந்தேகப்பட்டுக் கேட்ட மாதிரி ஆயிரும். அவங்களா சொன்னாங்கன்னா கேட்டுக்கறேன்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மதிய பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். உன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "தலையை ஆட்டுற சோலிகூடவா ஒங்களுக்குக் கனமா இருக்கு?" என்று கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. நேற்று ராத்திரியிலிருந்து சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு வரவில்லை.

நான் அவரிடம் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மகளே, அது உன் தலைக்குள் எழுதப்பட்ட எழுத்து. நான் சொன்னால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்வேன், உருளைக்கிழங்கு மூட்டையும் சாவிக்கொத்தும் என் பயமுமாக. நீ சொன்னால் வேறு மாதிரி இருக்கும். உன் அம்மா மறைக்கச் சொல்கிறாள், உன் அத்தை போன்றவர்கள் இதைத் தவிர உன்னிடம் வேறு எதையுமே பார்ப்பதில்லை. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ்ஸில் நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் நேற்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். லேசாகச் சொல்ல வேண்டிய துண்டை லேசாகச் சொல்லலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது, விட்டால் வார்த்தை வேறாகிவிடும் என்றாய். நீ 'ட்ரோ', 'என்' இரண்டையும் ஒட்டித் தட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே திரும்ப ஆரம்பித்தாயே, அந்தப் பிள்ளைதானே நீ. உன் வலிப்பை ஒரு பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்வது போல அழுதுகொண்டு சொல்லாதே. உன் படிப்பு, உன் வகுப்புப் பிள்ளைகள், உனக்குப் பிடித்தது பிடிக்காதது எல்லாவற்றையும் சொல்லும்போது அதையும் அதன் இடத்தில் வைத்துச் சொல். எங்கே அழுத்துவது என்பது உன் இஷ்டம். அதோடு, குழந்தை என்று யோசிக்கும்போது மாத்திரையை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும், கட்டிக்கொள்கிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது எது தெரியுமா? அவர் கேட்க மாட்டேன் என்று சொன்னதுதான். அவர் கேட்பவராக இருந்தால் நீ எப்படியும் சொல்லிவிடுவாய், பொய் சொல்ல உனக்கு வராது. கேட்காத மனிதரிடம் சும்மா இருந்துவிடுவது ரொம்பச் சுலபம். அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். இந்த மாதம் சும்மா இருக்கலாம், கல்யாணமாகி ஒரு வருஷம் சும்மா இருக்கலாம். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது வலிப்பைப் பற்றி மட்டுமாக இருக்காது, அத்தனை நாள் சும்மா இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவரும், தான் பார்த்ததைக் கேட்காமலேயே உன்னோடு குடும்பம் நடத்துவார். இரண்டு நல்ல பிள்ளைகள் ஒரே வீட்டில் இப்படி இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயம்புத்தூருக்கு வருவதாகச் சொன்னார். அன்றைக்கே சொல். அவர் எழுந்து போனால் போகட்டும். பத்திரிகை கொடுத்தாகிவிட்டதே என்று உன் அம்மா அழுவாள். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நானே போய்க் கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு வருகிறேன், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. வலிப்பு உள்ள மகள் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. என் மகள் தன் புருஷன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை போடுவாள் என்று நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. சொல்லி முடித்த பிறகு இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, முந்தானையில் மாத்திரை முடிந்து வைத்திருக்கும் பெண்களும் தலையாட்டச் சொல்லும் அம்மாக்களும் படிக்கட்டும். அதுவரை இது உனக்கு மட்டும்.

அவரை அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணு. அவர் என்ன சொன்னார் என்று நான் முதலில் கேட்க மாட்டேன், சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். அழுகை வந்தால் அழு. பேச வராவிட்டால் பேசாமல் இரு, போனை மட்டும் வைத்துவிடாதே. நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் அப்பா